டைனமோவுக்குள் அறுநூறு கிராம்

என் கைக்குத் தராசு வேண்டாம். இருபது வருஷமாக அரியலூரில் சமையல் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். துவரம்பருப்பை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கிப் பார்த்தாலே எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவேன். மளிகைக் கடைக்காரர் மூட்டையில் கால் கிலோ குறைத்துப் போட்டாலும் என் தோள் முதலில் கண்டுபிடித்துவிடும். அவர் திரும்ப நிறுத்துப் பார்த்து, அசடு வழியக் குறைந்ததைப் போடுவார். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்று எழுதியதைப் படித்தால் என் வீட்டில் சிரிப்பார்கள்.

இந்தக் கைதான் எங்கள் டிரைவரின் பெயரைக் கெடுத்தது. கெட்ட பெயரைத் துடைத்துக் கொடுத்ததும் இதே கைதான். நடுவில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

எங்களிடம் ஒரு பழைய டீசல் வேன் இருக்கிறது. பின்னால் சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு அண்டாவும் அன்னக்கூடையும் ஏற்றுகிற மாதிரி செய்து வைத்திருக்கிறோம். இன்ஜின் முன்னால், டிரைவர் சீட்டுக்கும் என் சீட்டுக்கும் நடுவில், ஒரு மூடிக்குள் இருக்கும். மூடியைத் தூக்கினால் இன்ஜின் முழுதும் கைக்கு எட்டும். முகூர்த்த நாட்களில் கல்யாணம், மற்ற நாட்களில் சிமெண்ட் ஆலை வாசலில் மூட்டை ஏற்றுகிறவர்களுக்கு மதியச் சாப்பாடு. பதினோரு வருஷமாக அந்த வேனை ஓட்டுகிறவன் ஒரே ஆள்தான். என்னைவிடப் பத்து வயது சின்னவன், என்னை அக்கா என்பான். பேச்சு குறைவு. எனக்கும் சேர்த்து அவன் பேசாமல் இருப்பதாக மூட்டைக்காரர்கள் கேலி செய்வார்கள்.

ஆலை வாசல் என்றால் தூசி. மூட்டை கட்டுகிற இடத்திலிருந்து சிமெண்ட் பறந்துகொண்டே இருக்கும். சாப்பிட வருகிறவர்களின் புருவமும் இமையும்கூட வெளுத்திருக்கும். நாங்கள் பரிமாறி முடிக்கிற வரைக்கும் வேன் இன்ஜினை அணைக்காமல் நிறுத்தி வைப்போம். அணைத்தால் மறுபடி கிளம்ப அது சில நாள் அடம் பிடிக்கும்.

இன்ஜின் பக்கவாட்டில் ஆல்ட்டர்னேட்டர் என்று ஒன்று இருக்கிறது. எங்கள் ஊர் டிரைவர்கள் வாயில் அது டைனமோதான். ஒரு சின்ன தேங்காய் அளவு இருக்கும். இன்ஜின் ஓடும்போது பெல்ட் அதைச் சுற்றும், அது சுற்றினால் பேட்டரிக்குக் கரண்ட் ஏறும். எங்கள் மாதிரிப் பழைய டீசல் வண்டியில் அதன் வால் பக்கம் ஒரு குட்டிப் பம்பும் ஒட்டிக்கொண்டிருக்கும். பிரேக் மெதுவாக மிதித்தாலே பிடிப்பது அந்தப் பம்பு தயவில்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால் இதைப் பெரம்பலூரில் புதிதாக வாங்கி, என் மடியில் வைத்துக்கொண்டுதான் பஸ்ஸில் வந்தேன். ஏழு கிலோ. என் தொடை அதை மறக்கவில்லை.

அந்தப் புது டைனமோவுக்கு நான் செய்த மரியாதை கொஞ்சநஞ்சமில்லை. எங்கள் பக்கம் வண்டி வைத்திருக்கிறவர்கள் அமாவாசைக்கு அமாவாசை எலுமிச்சம்பழம் சுற்றி, சூடம் காட்டி, மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். மற்றவர்கள் வண்டிக்கு வெளியே நான்கு சொட்டுத் தெளிப்பதோடு விட்டுவிடுவார்கள். எனக்கு அது போதாது. நமக்குச் சோறு போடுவது வண்டியின் வெளித் தகரமா, உள்ளே இருக்கிற இன்ஜினா? மூடியைத் திறந்து, வேப்பிலை போட்ட மஞ்சள் தண்ணீரைச் சொம்போடு உள்ளே சாய்ப்பேன். என் சீட்டுப் பக்கம் வாகாக இருந்தது டைனமோ. அதனால் பெரும்பங்கு அதற்குத்தான் போகும். ஆரம்பத்தில் ஒருமுறை டிரைவர், "உள்ள தண்ணி வேணாங்க்கா, தெளிச்சா போதும்" என்றான். "சாமிக்குச் செய்யறப்ப குறுக்க பேசாத தம்பி" என்றேன். அதற்கப்புறம் அவன் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

வேன் நின்ற அன்று நாங்கள் இருநூறு பேர் சாப்பாட்டோடு ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். அதற்கு நான்கு நாள் முன்பிருந்தே முன்பலகையில் பேட்டரி லைட் மினுக்கிக்கொண்டிருந்தது. "டைனமோவப் பாக்கணும்க்கா" என்று அவன் சொன்னான். "முகூர்த்தம் முடியட்டும்" என்று நான் சொன்னேன். இதைப் பின்னால் நான் சௌகரியமாக மறந்துவிட்டேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆலைக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது ரப்பர் கருகுகிற வாடை வந்தது. பெல்ட் அறுந்துபோனது. முன்னால் ஒரு லாரி. அவன் பிரேக்கை மிதித்தான், அது கட்டைபோல இறுகி நின்றது. நான் கத்தினேன். அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, கை பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, வேகத்தை அடக்கி வண்டியை உருட்டிக்கொண்டே ஆலை வாசல் வேப்பமரத்தடிக்குக் கொண்டுவந்து நிறுத்தினான். பின்னால் போய்ப் பார்த்தால் சாம்பார் அண்டா மூடியில் ஒரு துளி சிந்தவில்லை. அப்போதே ஆச்சரியப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ பதற்றம் கோபமாக மாறிக்கொண்டிருந்தது.

டவுனிலிருந்து ஒரு எலக்ட்ரீஷியன் வண்டியில் வந்தார். டைனமோவைக் கழற்றினார். அதன் தண்டைத் திருகிப் பார்த்தார், அசையவில்லை. "இறுகிப் போச்சுங்க. இது புதுசா வாங்கிப் போட்டதுன்னா சொல்றீங்க? பாத்தா ரொம்பப் பழசாட்டம் இருக்குது. கனமும் ஜாஸ்தி. வேற மாடல் போல" என்றார்.

கனம் என்ற சொல் காதில் விழுந்ததும் நான் கையை நீட்டினேன். வாங்கித் தூக்கிப் பார்த்தேன். ஏழு இல்லை. ஏழரையைத் தாண்டியது. இன்னொரு தரம் தூக்கினேன். சந்தேகமே இல்லை.

"இது நான் வாங்குனது இல்ல" என்றேன்.

சாப்பாட்டுக்குத் தட்டோடு முப்பது நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அவர்கள் அத்தனை பேர் முன்னாலும் டிரைவரைப் பார்த்துக் கேட்டேன். "நல்லதக் கழட்டி எடுத்துட்டு எவனோட பழைய இரும்பையோ மாட்டிட்டியா? என் கை பொய் சொல்லாது தம்பி."

அவன் முகத்தில் ரத்தம் வற்றியதைப் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை. பதினோரு வருஷம் நம்பினேனே என்று ஆரம்பித்து, நாக்கில் வந்ததையெல்லாம் கொட்டினேன். வரிசையில் மூன்றாவது ஆளாக நின்றவர் அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்த அண்ணன். அவர் தட்டைக் கீழே இறக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

டிரைவர் வேன் சாவியை எடுத்துச் சோற்று அண்டா மூடிமேல் வைத்தான். "பிரிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்கக்கா. என் கண்ணு முன்னால பிரிக்கணும். அதுவரைக்கும் இந்தச் சாவிய நான் தொடமாட்டேன். மச்சான் நிக்கறப்ப இப்படிச் சொல்லிட்டீங்களே" என்றான். அப்புறம் கரண்டியை எடுத்து, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் சோறு போட்டு, மச்சானுக்கும் போட்டு, இரண்டாம் முறை ரசம் கேட்டவர்களுக்கு ரசமும் ஊற்றிவிட்டுத்தான் நடந்து போனான்.

எலக்ட்ரீஷியன் புதிது வாங்கிப் போடச் சொன்னார். டிரைவர் மட்டும் போனில் பிடிவாதமாக நின்றான். பெரம்பலூரில் ஒரு வைண்டிங் கடை இருக்கிறது, போர்வெல் மோட்டார்களுக்குச் செம்புக் காயில் கட்டுகிறவர்கள், அங்கே முழுசாகப் பிரிப்பார்கள் என்றான். மறுநாள் காலை ஆலைச் சாப்பாட்டை என் தங்கையிடம் ஒப்படைத்து ஆட்டோவில் அனுப்பச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். டைனமோவை அரிசிப் பையில் போட்டு என் மடியிலேயே வைத்துக்கொண்டேன். அவன் கையில் கொடுக்க எனக்கு மனசில்லை. அவன் மூன்று சீட்டு முன்னால் போய் உட்கார்ந்தான். ஜன்னலுக்கு வெளியே மக்காச்சோளமும் பருத்தியும் மாறி மாறி வந்தன. குன்னத்துப் பக்கம் யாரோ வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வேகத்தடையிலும் அந்த இரும்பு என் தொடையில் இடித்து, "ஏழு இல்லை, ஏழு இல்லை" என்றது.

கடையில் ஆள் உயரத்துக்கு நீளநீளமாகப் போர் மோட்டார்கள் படுத்துக் கிடந்தன. நடுவில் ஒரு பெண் முக்காலியில் உட்கார்ந்து செம்புக் கம்பியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

"கடைக்காரர் இல்லையாம்மா?" என்றேன்.

"வூட்டுக்காரரு மோட்டார் இறக்க வயலுக்குப் போயிருக்காருங்க. காயில் கட்டுறது நான்தான். சொல்லுங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. கல்யாண மண்டபத்தில் இருபது வருஷமாக என்னிடம் "மாஸ்டர் எங்கம்மா?" என்று கேட்கிறவர்களை நான் எப்படித் திட்டியிருக்கிறேன் என்று அந்த மண்டபச் சுவர்களைக் கேட்டால் தெரியும்.

அவள் டைனமோவை வாங்கியதும் முதலில் தூக்கிப் பார்த்தாள். "கனமா இருக்குதே" என்றாள். நான் டிரைவரை ஒரு பார்வை பார்த்தேன். அவள் திருப்புளிக் கட்டையால் அதை மெதுவாகத் தட்டி, காதருகே வைத்து மறுபடி தட்டினாள். "உள்ள வெறுங்கூடா இருக்கணும். சத்தம் அடைச்சாப்ல வருது" என்றாள். நட்டுகளைக் கழற்றினாள். இரண்டு பாதியும் பிரியவில்லை. மரச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினாள். பத்து நிமிஷம் இருக்கும். மட்டையோடு தேங்காய் பிளக்கிற மாதிரி ஒரு சத்தம். இரண்டாகப் பிரிந்தது.

உள்ளே கல்.

தூசி என்று நினைத்துவிடாதீர்கள். விரலால் சுரண்டினேன், நகம்தான் தேய்ந்தது. செம்புச் சுருள்களைச் சுற்றி, இரும்புக் கூட்டின் மூலை முடுக்கெல்லாம் நிரப்பி, சாம்பல் நிறத்தில் கெட்டியான கல் வளர்ந்திருந்தது. நடுவில் சுழல்கிற பாகத்தை அவள் உருவி எடுத்ததும் நான் கிட்டே போய் உள்ளே எட்டிப் பார்த்தேன். அது சுழன்று சுழன்று தனக்கான இடத்தைத் தானே குடைந்துகொண்டிருந்தது. கல்லுக்கு நடுவில் அச்சு அசலாக ஒரு வட்டக்குழி, ஆட்டுக்கல் குழி மாதிரி வழவழவென்று. இத்தனை வருஷம் நாங்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போய் வந்தபோதெல்லாம் எங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் இந்த அரைப்பு நடந்திருக்கிறது. கல் வளர வளர இரும்பு அதை அரைத்துத் தள்ளி, வெளிச்சமும் கொடுத்து பிரேக்கும் பிடித்திருக்கிறது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். டிரைவரும் கோபத்தை மறந்து குனிந்து பார்த்தான்.

"சிமெண்டு" என்றாள் அவள். "தூசியா உள்ள போயி, தண்ணி பட்டு இறுகியிருக்குது. மழைத் தண்ணியா இருக்கும்."

"அப்ப இது எங்க வண்டியோடதுதானா?" என்று கேட்டேன்.

"அது எனக்கெப்படிங்க தெரியும்? அரியலூர்ப் பக்கம் ஓடுற எந்த வண்டியிலயும் தூசிதான். வேற வண்டியிலேர்ந்து கழட்டுனதா இருந்தாலும் இப்படி ஆகலாம்."

டிரைவர் நிமிர்ந்து தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் நம்பி வந்த ஒரே வழியும் அடைபட்டுப்போனது.

அவள் உளியை வைத்துத் தட்டி, குழியின் ஓரத்திலிருந்து கல்லை ஒரு பாளமாகப் பெயர்த்து எடுத்தாள். உடைந்த பக்கத்தை வெளிச்சத்தில் காட்டினாள். "இது என்னன்னு தெரியல. செவப்பு செவப்பா கோடு ஓடுது. துருன்னா இப்படி வரி வரியா இருக்காது."

நானும் பார்த்தேன். சாம்பல் கல்லுக்குள் மங்கலான செங்கல் நிறத்தில் மெல்லிய கோடுகள். ஒன்றன்மேல் ஒன்றாக, எண்ண முடியாத அளவுக்கு. ஒரு கோடு, கொஞ்சம் சாம்பல், ஒரு கோடு, கொஞ்சம் சாம்பல்.

மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்ந்தால் என்ன நிறம் வரும் என்று கல்யாணச் சமையல்காரியிடம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயிரம் ஆரத்தி கரைத்த கை இது. சிமெண்ட் என்பதும் நம் ஊர்ச் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு அரைத்ததுதானே. அந்தக் கோடு ஒவ்வொன்றும் ஒரு அமாவாசை. ஒவ்வொன்றும் நான் சாய்த்த ஒரு சொம்பு.

உண்மையைச் சொல்கிறேன், நான் உடனே வாயைத் திறக்கவில்லை. அந்தக் கோட்டின் அர்த்தம் அந்தக் கடையில் எனக்கு மட்டும்தான் தெரியும். மழைத் தண்ணீர் என்று அவளே ஒரு காரணத்தை என் கையில் கொடுத்துவிட்டாள். பேசாமல் புது டைனமோ வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். அவன் பெயர் மட்டும் ஆலை வாசலில் கிடந்திருக்கும். பெண்டாட்டியின் அண்ணன் தினமும் அதைத் தாண்டித்தான் மூட்டை தூக்கப் போயிருப்பார். மேஜையில் ஒரு டீ ஆறிக்கொண்டிருந்தது. அது முழுசாக ஆறுகிற நேரம் நான் அப்படியே நின்றேன். பெரிய மனுஷி என்று ஊரில் என்னைச் சொல்கிறவர்கள் அந்த நேரத்தில் என்னைப் பார்த்திருக்கக் கூடாது.

"வூட்டுல மஞ்சத்தூள் இருக்குதாம்மா?" என்றேன் கடைசியில்.

அவள் புரியாமல் பின்பக்கம் போய் அஞ்சறைப்பெட்டியையே தூக்கி வந்தாள். ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் குழைத்து, கல்லின் புதிதாக உடைந்த பக்கத்தில், கோடில்லாத இடமாகப் பார்த்து விட்டேன். மஞ்சள் மஞ்சளாகவே நின்றது. மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். ஓரத்தில் மெதுவாக ஒரு சிவப்பு கிளம்பியது. அது பரவிப் பரவி மொத்த மஞ்சளையும் விழுங்கியது. பக்கத்தில் ஓடிய கோடுகளின் நிறத்துக்குச் சொந்தக்காரி அது என்று பார்த்தவுடன் தெரிந்தது.

"இது என் டைனமோதான்" என்றேன். "எட்டு வருசமா அமாவாசைக்கு அமாவாசை இதுக்குள்ள மஞ்சத் தண்ணி ஊத்துனது நான்தான். இந்தத் தம்பி வேணாம்னுச்சு. நான்தான் கேக்கல."

சொல்லிவிட்டு டிரைவரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. என் கை அன்றைக்கும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, ஏழரையைத் தாண்டுகிறது என்று. அதிகமாக இருந்தது என்ன என்று பார்க்காமல் வாய் முந்திக்கொண்டது.

கடைக்காரப் பெண் இரும்புக் கூட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆனா ஒண்ணுங்க. இவ்ளோ தண்ணி ஊத்தியிருந்தா இது ரெண்டு வருசத்துலயே போயிருக்கணும். இங்க பாருங்க." காற்று போகிற துவாரங்களைக் காட்டினாள். எல்லாத் துவாரங்களின் விளிம்பிலும் கீறல்கள், பழசும் புதுசுமாக. "யாரோ கம்பிய வுட்டு விடாம நோண்டி, காத்துக்கு வழி பண்ணியிருக்காங்க. அதான் எட்டு வருசம் தாங்கியிருக்குது."

"சைக்கிள் கம்பிங்க" என்றான் டிரைவர், அவளிடம். "ஊத்துன அன்னைக்கே தொடச்சி, கம்பி வுட்டு எடுத்துட்டு, கொஞ்ச நேரம் இன்ஜின ஓட வுட்டுக் காய வெச்சிருவேன்."

"எங்கிட்ட ஏன் தம்பி சொல்லல?" என்றேன்.

"நீங்க சாமிக்குச் செஞ்சீங்க. நான் வண்டிக்குச் செஞ்சேன். இதுல சொல்றதுக்கு என்னங்க்கா இருக்கு?"

எட்டு வருஷம். ஒவ்வொரு அமாவாசையும் நான் சொம்பைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போன பிறகு, ஒரு ஆள் தனியாகக் குனிந்து உட்கார்ந்து, நான் செய்த கெடுதலைக் கம்பியால் நோண்டி எடுத்திருக்கிறான். ஒரு நாள்கூட எனக்குத் தெரியவில்லை. கல் வளர்ந்ததைவிட எனக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது, இருக்கிறது. அவனிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அதை அவனைத் திட்டிய இடத்தில் வைத்துத்தான் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

அதற்குப் பிறகு அந்தப் பெண் வேலை செய்ததை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு இடமாக இருந்தால் நான் இதற்குள் நான்கு போன் பேசி இரண்டு சண்டை போட்டிருப்பேன். கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து, பழைய செம்புச் சுருளை உருவினாள். உடைந்த கல்லின் உட்புறத்தில் ஒவ்வொரு கம்பியின் தடமும் வரி தவறாமல் பதிந்திருந்தது. எங்கள் ஊர் ஓடைகளில் சங்கும் சிப்பியும் பதிந்த கல் கிடைக்கும், ஒரு காலத்தில் கடல் இருந்த இடம் என்பார்கள். அதை எடுத்துப் பார்க்கிறபோது வருகிற அதே மலைப்பு எனக்கு இதிலும் வந்தது. அவள் உதடு மட்டும் அசைய, சத்தமில்லாமல் எண்ணிக்கொண்டே புதுக் கம்பியைச் சுற்றினாள். நடுவில் போன் அடித்தது, எடுக்கவில்லை. ஒரு ஆள் வந்து பேசினார், கையை மட்டும் காட்டினாள். எண்ணிக்கை தவறவில்லை. சுற்றிய சுருளை ஒவ்வொரு பள்ளத்திலும் காகிதம் வைத்து இறக்கி, நூலால் வரிந்து கட்டினாள். வார்னிஷ் ஊற்றி, ஒரு தகர டின்னுக்குள் பெரிய பல்பு எரியவிட்டு அதில் வைத்து மூடினாள். "காலைல வாங்க. நல்லா வெந்தாத்தான் நிக்கும்" என்றாள். அந்தப் பேச்சு எனக்கு நன்றாகவே புரிந்தது.

மறுநாள் காலையில் எல்லாவற்றையும் பூட்டி, மேஜையில் ஒரு மோட்டாரோடு பெல்ட் போட்டு டைனமோவைச் சுற்றவிட்டாள். அதன் முனையில் ஒரு சின்ன பல்பு. முதலில் மங்கலாக, பிறகு பளிச்சென்று எரிந்தது. விறகு இல்லை, கேஸ் இல்லை. வெறும் சுற்றலும் செம்பும். இருபது வருஷமாகத் தீயோடு பிழைக்கிறவள் நான், எனக்கே கை தானாகக் கூப்பிக்கொண்டது. டிரைவர் அதைப் பார்த்து லேசாகச் சிரித்தான். மூன்று நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

கிளம்பும்போது பெயர்த்த கல்லையெல்லாம் ஒரு துணியில் கட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். திரும்பி வரும் பஸ்ஸில் டைனமோ அவன் மடியில் இருந்தது. கல் என் மடியில்.

ஆலை வாசலில் வேன் அதே வேப்பமரத்தடியில் நின்றது. எலக்ட்ரீஷியன் வந்து டைனமோவை மாட்டி, புது பெல்ட் போட்டார். டிரைவர் பக்கத்தில் நின்று பார்த்தானே தவிர வண்டியைத் தொடவில்லை. சாவி என்னிடம்தான் இருந்தது. மணி அடித்தது, வெள்ளைப் புருவங்களோடு எல்லோரும் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். யாரும் அவனிடம் பேசவில்லை. அவனும் யாரையும் பார்க்கவில்லை.

தங்கை கொண்டுவந்த அண்டாவின் மூடியை நான் திறக்கவில்லை. அதன்மேல் துணியை விரித்து, கல்லை வைத்தேன். "சாப்பாட்டுக்கு முன்னால ஒரு பேச்சு" என்றேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். தூசி எங்கிருந்து வந்தது, தண்ணீர் எங்கிருந்து வந்தது, சிவப்புக் கோடு எப்படி வந்தது, சைக்கிள் கம்பி யாருடையது, எல்லாவற்றையும். "அன்னைக்கு உங்க முன்னால இந்தத் தம்பியத் திருடன் மாதிரிப் பேசுனேன். அது என் தப்பு. உங்க முன்னாலயே சொல்லிடுறேன்" என்றேன்.

கல் துணியோடு கைமாறிக் கைமாறிப் போனது. "நம்ம மூட்டைதான்டா" என்று யாரோ சொன்னார்கள். ஒருவர் போனில் படம் எடுத்தார். கடைசியாக டிரைவரின் மச்சான் கைக்கு வந்தது. நாள் முழுக்க ஐம்பது கிலோ மூட்டை தூக்குகிறவர். உள்ளங்கையில் வைத்து ஒருமுறை ஏற்றி இறக்கினார்.

"எவ்ளோங்க்கா இருக்கும்?" என்றார்.

"அறுநூறு கிராம்" என்றேன்.

"இருக்கும்" என்று தலையாட்டினார். "ஆனா எங்க மாப்ள தலையில நீங்க ஏத்துன கனம் இதவிட ஜாஸ்திக்கா."

கல்லை வாங்கித் துணியோடு அண்டா மூடிமேல் வைத்தேன். சாவியை எடுத்து டிரைவர் பக்கம் நீட்டினேன். அவன் வாங்குவான் என்று எனக்கு நிச்சயமில்லை.

அவன் மச்சானைப் பார்த்தான். "விடு மச்சான், சோறு ஆறுது" என்றான். சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கரண்டியை எடுத்தான். பரிமாறி முடித்தபிறகு வண்டியில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். முன்பலகையில் பேட்டரி லைட் எரிந்தது, இன்ஜின் பிடித்ததும் அணைந்தது. அவ்வளவு சின்ன லைட் அணைவதைப் பார்த்து அத்தனை சந்தோஷப்பட்டது நானாகத்தான் இருப்பேன்.

அடுத்த அமாவாசைக்கு எலுமிச்சம்பழமும் சூடமும் மட்டும் எடுத்துக்கொண்டு வேனிடம் போனேன். சொம்பை எடுக்கவில்லை. சூடம் காட்டி முடித்துத் திரும்பினால் டிரைவர் இன்ஜின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறான்.

"மஞ்சத் தண்ணி எங்கக்கா?"

"இனிமே வேணாம் தம்பி. பட்டது போதும்."

"எட்டு வருசம் செஞ்சத எதுக்கு நிறுத்தணும்? கொண்டாங்க" என்றான்.

நான் உள்ளே போய்க் கரைத்து எடுத்து வந்தேன். வருவதற்குள் அவன் எங்கள் பந்தி இலைக் கட்டிலிருந்து ஒரு தலைவாழை இலையை உருவி, டைனமோவின்மேல் விரித்து, இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தான்.

"இப்ப ஊத்துங்கக்கா" என்றான்.

நான் சொம்பைச் சாய்த்தேன். மஞ்சள் தண்ணீர் இலையில் விழுந்து, ஒரு சொட்டுக்கூட உள்ளே போகாமல் வழிந்து, அவன் காலில் விழுந்தது.